ஒரு தடவைதான் கேட்பார்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் இங்கே சுகம். அங்கே உன் காது, உன் தையல் மெஷின், உன் கோபம் மூன்றும் எப்படி இருக்கின்றன? முதல் இரண்டும் மக்கர் பண்ணினாலும் மூன்றாவது நல்ல ஓட்டத்தில்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இனி கடிதம்தான் அக்கா. போன தடவை போனில் உனக்குக் கேட்கவேண்டும் என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து அறைக்காரன் எழுந்து வந்து, "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டான். உனக்கோ அப்போதும் கேட்கவில்லை.

வேலை பழகின வேலைதான். பழைய கட்டிடங்களில் லிஃப்ட் பராமரிப்பு. ஒருவன் மேலே மோட்டார் அறையில், ஒருவன் கீழே லிஃப்டுக்கு அடியில் இருக்கிற குழியில். எந்த நாட்டுக்குப் போனாலும் லிஃப்ட் லிஃப்ட்தான். மனிதர்கள்தான் வேறு தினுசு. மேஸ்திரி ஒருவன் இருக்கிறான், நான் அவனுக்குக் கல்லுளிமங்கன் என்று பெயர் வைத்திருக்கிறேன். கேட்டதற்குப் பதில் சொல்வான், கேட்காததற்கு வாயே திறக்கமாட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குக் கூப்பிட்டான். விருந்து என்று நினைத்துக் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போனேன். மேஜை நிறையப் பாத்திரங்கள், ஆவி பறக்கிறது. அவன் மனைவி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாள். நான் மரியாதை தெரிந்தவன் இல்லையா, "ஐயோ, வேண்டாங்க, இப்பதான் ஆச்சு" என்றேன். "அப்படியா, சரி" என்று தட்டை அலமாரியில் வைத்துவிட்டாள். அவ்வளவுதான் அக்கா! என் கண் எதிரிலேயே புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நடுவில் கல்லுளிமங்கன் என்னைப் பார்த்து, "தண்ணியாவது?" என்றான். அதற்கு மட்டும் சட்டென்று ஆமாம் என்றேன். திரும்பி வரும்போது தெருமுனையில் ஒரு காய்ந்த பன் வாங்கி நின்றுகொண்டே தின்றேன்.

இப்படியும் ஜனங்கள் உண்டா? பதில் போடு.

உன் தம்பி

&nbsp;

பிப்ரவரி 22

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் இருக்கிறேன். நீயும் உடம்பு இளைக்காமல் இருக்கிறாயா, இல்லை, இன்னும் தட்டு வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறாயா?

படித்துவிட்டுச் சிரிப்பதா காறித் துப்புவதா என்று தெரியவில்லை. ஒரு தடவை கேட்பதெல்லாம் ஒரு கேட்பா? பஸ் கண்டக்டர்கூட "டிக்கெட், டிக்கெட்" என்று மூன்று தடவை கேட்கிறான். முதல் தடவை வாய் கேட்கும். இரண்டாம் தடவைதான் மனசு கேட்கும். அதற்கு அவர்கள் ஊரில் வழியே கிடையாது போல. அவள் கையில் தட்டு இருக்கிறது, எதிரே ஒருவன் பசித்து உட்கார்ந்திருக்கிறான். அவளுக்குக் கண் என்ன பொட்டையா? உனக்குப் பசித்தால் காது மடல் சிவக்கும். எட்டு வீடு தள்ளி நின்றாலும் எனக்குத் தெரியும்.

இங்கே எல்லாம் அப்படியே. என் இடது காது எப்போதோ கதவைச் சாத்திவிட்டது, உனக்குத் தெரிந்ததுதான். வலது காதில் கொஞ்சம் சீழ் வருகிறது. ஒன்றுமில்லை. பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரி பேசுவது நன்றாகக் கேட்கிறது, ஏனென்றால் அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. மற்றவர்கள் ஜாக்கெட்டுக்கு அளவு சொன்னால் உதட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த வீட்டுக்கு இனிமேல் போகாதே. போனாலும் சாப்பிட்டுவிட்டுப் போ.

உன் அக்கா

&nbsp;

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம்தானே? காதில் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாய், நிம்மதி.

கடிதம் தாமதமானதற்குக் காரணம் உண்டு. முழங்கையில் ஒரு சிராய்ப்பு, எழுத முடியவில்லை. பயப்படாதே, நடந்ததைச் சொல்கிறேன்.

நம்ம ஊரில் யாராவது "எங்கே இருக்கே?" என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? இன்னும் குளிக்கவே போகாதவன்கூட, "இதோ வந்துட்டேன், தெருமுனைதான்" என்பான். அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. நான் குழிக்குள் இருந்தேன். வேலை முடிந்துவிட்டது, கீழே கிடந்த ஸ்பானரைப் பொறுக்க வேண்டியதுதான் பாக்கி. மேலேயிருந்து கல்லுளிமங்கன் வாக்கிடாக்கியில், "வெளியே வந்தாச்சா?" என்றான். "வந்தாச்சு" என்று அவர்கள் பாஷையில் சொல்லிவிட்டேன். அவன் லிஃப்டை இறக்கிவிட்டான்.

அடியில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள். அதில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டேன். சட்டை கிழிந்தது, முழங்கை கிழிந்தது. மற்றபடி முழுசாக இருக்கிறேன்.

அவன் இறங்கி ஓடி வந்தான். கத்துவான் என்று பார்த்தேன், கத்தவில்லை. என்னை வெளியே இழுத்து உட்காரவைத்தான். "நீ இருக்கிற இடத்தைச் சொல்லு. இருக்கப்போற இடத்தைச் சொல்லாதே. மேல இருக்கிறவனுக்கு உன் மூஞ்சி தெரியாது, உன் வார்த்தைதான் தெரியும்" என்றான்.

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. நாம் பேசுவது பேச்சா அக்கா? பசித்தால் பசிக்கவில்லை என்கிறோம், வராமலே வந்துட்டேன் என்கிறோம், வேண்டுவதை வேண்டாம் என்கிறோம். எதிராளி உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டுமாம். சுத்த நாடகம்! இந்த ஜனங்கள் ஒரு தடவை கேட்கிறார்கள், ஒரு தடவை சொல்கிறார்கள், அதோடு முடிந்தது. போன வாரம் கல்லுளிமங்கன் வீட்டுக்குப் போனேன். "சாப்பிடுறீங்களா?" என்றாள். "ஆமா, ரொம்பப் பசி" என்றேன். பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டுதான் எழுந்தேன்.

நீயும் பழகிப் பார், சுகமாக இருக்கும்.

உன் தம்பி

&nbsp;

ஏப்ரல் 28

தம்பிக்கு,

முழங்கை ஆறிவிட்டதா? கை மடக்கி நீட்ட வருகிறதா? சிராய்ப்புக்காக ஒரு மாசம் கடிதம் எழுதாதவன் நீ இல்லை. எத்தனை தையல் போட்டார்கள் என்று நீ எழுதவில்லை. எனக்குத் தையல் வேலை தெரியும், என்னிடம் மறைக்காதே.

ஒரு குழிக்குள் படுத்து எழுந்து துரை ஞானியாகிவிட்டீர். நல்லது. வாய் வார்த்தையை மட்டும் பார்த்துப் பேச மனுஷன் எதற்கு, சுவர் போதாதா? உன் மேஸ்திரிக்கு உன் மூஞ்சி தெரியாது, சரி. எனக்குமா தெரியாது? நாம் இருவரும் ஒரே வயிற்றில் கிடந்தவர்கள். நமக்குள் எதற்கு வாக்கிடாக்கி?

ஒரு விஷயம். அந்தச் சீழ் நிற்கவில்லை என்று டாக்டரிடம் போனேன். என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தே பேசுகிற ஆள். உதடு தெரிந்தால்தானே எனக்குப் புரியும்! ஜெராக்ஸ்காரி கூட வந்ததால் பிழைத்தேன். உள்ளே ஏதோ வளர்ந்து எலும்பை அரிக்கிறதாம். விட்டால் தலைக்குள் போகுமாம். எடுத்தால் மிச்சமிருக்கிற காதும் போனாலும் போகலாமாம், போகாமலும் இருக்கலாமாம். நாள் குறித்துவிட்டார்கள், ஜூன் பதினேழு. பயப்பட ஒன்றுமில்லை.

பின் அறைக் கட்டிலுக்குப் புது நாடா போட்டேன். சும்மா கிடக்கிறதே என்றுதான். நேற்று ஜெராக்ஸ்காரி, "உங்க தம்பி குரல் எப்படிக்கா இருக்கும்?" என்று கேட்டாள். "தகர டப்பாவுல கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி இருக்கும்" என்றேன். காதில் விழுந்து ரொம்ப நாளாகிறது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

&nbsp;

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் கடிதம் கிடைத்தது. மனசு கஷ்டமாகிவிட்டது. (ஒன்பது தையல். நீ ஜெயித்தாய்.)

எனக்கு லீவு சேர்ந்திருக்கிறது. கல்லுளிமங்கனிடம் சொன்னேன், எடுத்துக்கொள் என்றான். ஆகவே நேராகக் கேட்கிறேன். ஜூன் பதினேழுக்கு நான் வரட்டுமா? வா என்றால் வா என்று எழுது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. சுற்றி வளைக்காதே, ஜாடை பேசாதே. நீ எழுதுகிறபடியே செய்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலை உடனே போடு.

உன் தம்பி

&nbsp;

மே 29

தம்பிக்கு,

நலமே. நீயும் நலமாயிருப்பாய்.

இதென்ன கேள்வி, பரீட்சைத் தாள் மாதிரி? நீ எதற்கு அவ்வளவு தூரம் வரவேண்டும்? வேண்டாம். நான் என்ன பச்சைக் குழந்தையா? ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுத்துக் கிடப்பதற்கு ஊரைக் கூட்டுவார்களா? கூட யாராவது சொந்தம் இருந்து கையெழுத்துப் போடவேண்டும் என்கிறார்கள். எங்கிருந்து கொண்டுவருவது, பார்த்துக்கொள்ளலாம். ஜெராக்ஸ்காரி தான் வருவதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவளிடமும் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

ஆஸ்பத்திரி எது தெரியுமா, பழைய சினிமாக் கொட்டகை தாண்டி வலது பக்கம், மாடிக்கு மேல் மாடி கட்டியிருப்பார்களே, அதுதான். அங்கே ஒரு லிஃப்ட் இருக்கிறது, எப்போதும் ரிப்பேர். உனக்கு வழி மறந்திருக்காது. எதற்கு எழுதுகிறேன், சும்மாதான்.

உன் லீவை நீ வைத்துக்கொள்.

உன் அக்கா

&nbsp;

ஜூன் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தெளிவாகப் பதில் எழுதியதற்கு மிகவும் நன்றி. வேண்டாம் என்று நேராகச் சொன்னாய் பார், அதுதான் எனக்குப் பிடித்தது. நீயும் பழகிக்கொண்டாய்.

லீவை வீணாக்க வேண்டாம் என்று கல்லுளிமங்கன் குடும்பத்தோடு ஏரிக்குப் போகிறேன். மீன் பிடிக்கக் கற்றுத் தருகிறானாம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிய வாழ்த்துகள்.

உன் தம்பி

&nbsp;

ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? ஒரு மாசமாகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. விசேஷமாக ஏதாவது இருந்தால் எழுதியிருப்பாய். எழுதவில்லை என்றால் எல்லாம் நல்லபடி என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆனாலும் எப்படி இருக்கிறாய் என்று எழுது. தையல் பிரித்துவிட்டார்களா? காது எப்படி?

ஏரி நன்றாக இருந்தது. ஒரு மீன் பிடித்தேன், முழங்கை நீளம். எந்த முழங்கை என்று உனக்குத் தெரியும்.

ஒரு வரியாவது போடு அக்கா.

உன் தம்பி

&nbsp;

ஆகஸ்ட் 4

மதிப்பிற்குரிய தம்பி அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் மேஸ்திரி குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது. நன்றி.

நீங்கள் கேட்டிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்தது. கட்டி போயிற்று. காதும் போயிற்று. மெஷின் ஓடுகிறதா என்பது இப்போது கையில் அதிர்வதால் தெரிகிறது. கதவு தட்டினால் தெரியாது என்பதால் திறந்தே வைத்திருக்கிறேன். நாய் ஒன்று உள்ளே வந்து போகிறது.

முந்தைய கடிதம், வாழ்த்துகள் என்று எழுதியிருந்தீர்களே, அது ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் காலையில் வந்தது. வாசலில் ஆட்டோ சத்தம் அரைகுறையாகக் கேட்டது. யாரோ வருகிறார்கள் என்று எழுந்து போய்ப் பார்த்தேன். தபால்காரர் வந்திறங்கினார். அவருக்கு அன்று சைக்கிள் பஞ்சராம்.

ஜெராக்ஸ்காரி வந்தாள். அவள் கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். கடைசியில் அவள் கேட்கவே இல்லை. கடைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, பிளாஸ்க்கையும் வாளியையும் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். கையெழுத்துப் போடும்போது, "என்ன உறவு?" என்று கேட்டார்களாம். "பக்கத்துக் கடை" என்றாளாம். லிஃப்ட் ரிப்பேர். என்னைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள். பின் அறைக் கட்டிலில் அவள்தான் ஒரு வாரம் படுத்தாள். புது நாடா நன்றாக இருக்கிறதாம்.

தாங்கள் மீன் பிடித்தது குறித்து மகிழ்ச்சி. வேலைகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி விசாரித்ததற்கு மீண்டும் நன்றி.

இப்படிக்கு,
தையற்காரி

&nbsp;

ஆகஸ்ட் 16

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

உன் கடிதத்தை லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்தேன். நீங்களாம், தாங்களாம், அவர்களாம். செருப்பால் அடித்திருந்தால் தேவலை. பிறந்ததிலிருந்து நீ என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கல்லுளிமங்கன் என்ன என்று கேட்டான். சொன்னேன். "உங்க அக்கா வேண்டாம்னு எழுதினாங்கன்னு நீ போகலையா?" என்றான். "நீங்கதானே சொன்னீங்க, வார்த்தையை மட்டும்தான் நம்பணும்னு" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நீகூட அப்படிப் பார்த்ததில்லை. "அது குழிக்கு. வீட்டுக்கா?" என்றான். "ஏரியில நீ, அக்காவுக்கு நான் தேவையில்லைன்னு சொன்னே. உங்க ஊர்ல அப்படித்தான் போலன்னு நான் பேசாம இருந்தேன். எங்க அக்காவா இருந்தா நான் கேட்டே இருக்கமாட்டேன். போயிருப்பேன்" என்றான். இவ்வளவு நாளில் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

நம்ம பழக்கத்தையும் விட்டேன், அவர்கள் பழக்கத்தையும் சரியாகப் பிடிக்கவில்லை. எனக்கு வசதியான பாதியை மட்டும் பொறுக்கிக்கொண்டேன். முட்டாள் என்று எழுது, நீ என்று எழுது.

வரட்டுமா என்று கேட்கவில்லை. வருகிறேன். செப்டம்பர் முதல் வாரம். நீ வேண்டாம் என்று எழுதினாலும் அந்தக் கடிதம் என்னை வழியில்தான் தேடும்.

உன் தம்பி

&nbsp;

செப்டம்பர் 5
சமையலறையிலிருந்து

முன் அறையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு,

அக்கா எழுதுவது. என் சுகத்தை நீயே எட்டிப் பார்த்துக்கொள்ளலாம், நடுவில் ஒரு சுவர்தான். பேப்பர் வேறு கிடைக்கவில்லை, இது ஜாக்கெட் வெட்டுகிற காகிதம். பின்பக்கம் யாருடைய கை அளவோ இருக்கும், அதைப் படிக்காதே.

காலையில் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாய். இளைத்திருக்கிறாய். வாயைத் திறந்து என்னவோ சொன்னாய். தகர டப்பா ஆடுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. நீ சொல்லச் சொல்ல நான் உன் உதட்டைப் பார்க்கவில்லை, வேறு பக்கம் பார்த்தேன். உன் உதட்டைப் படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. ஜெராக்ஸ்காரி ஓடி வந்து ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினாள்: "நீங்க சொன்ன மாதிரியேதான்க்கா இருக்கு குரல்." அவளுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

அதற்குத்தான்டா கட்டிலுக்கு நாடா போட்டேன். இருக்கிற காது போவதற்குள் உன் சத்தம் ஒரு தடவை விழட்டும் என்றிருந்தது. பயமாகவும் இருந்தது. வா என்று எழுத எனக்கு வரவில்லை. வேண்டாம் என்று எழுதினால் நீ ஓடி வருவாய் என்று இருந்தேன். சின்ன வயசில் நான் போடா என்றால் காலைக் கட்டிக்கொள்கிறவன்தானே நீ.

சரி, அது போகட்டும். இப்போது நடந்ததைச் சொல்கிறேன், வெட்கமாக இருக்கிறதா பார். அடுப்படிக்கு வந்தாய். காகிதத்தை எடுத்து, "இன்னைக்குச் சமையல் நான் பண்ணட்டுமா?" என்று எழுதி நீட்டினாய். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். "சரி" என்று வாயசைத்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய்! அவ்வளவு தூரம் பறந்து வந்து, அழுது, முட்டாள் என்று நீயே எழுதி, எல்லாம் முடிந்தும் மறுபடியும் ஒரே ஒரு தடவை! உன்னைக் கட்டி மேய்க்கிற அந்த மேஸ்திரிக்குக் கோயில்தான் கட்டவேண்டும். இங்கே நின்று பார்க்கிறேன், உன் காது மடல் இரண்டும் சிவந்து கிடக்கிறது. எனக்கும் பசிக்கிறது. நிற்க முடியவில்லை, தலை சுற்றுகிறது.

நான் இதுவரை யாரிடமும் எதையும் நேராகக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். பென்சில் அடுப்பு மேடையில் இருக்கிறது. எழுந்து வந்து இன்னொரு தடவை கேள்.

உன் அக்கா